பிரித்துப் பார்த்த கைகள்

இன்று பாலிங் வட்டாரத் தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு அது அதிசயப் பொருள். கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு பிறந்த கோ. துரைசாமி நாயுடு, தம் ஊருக்கு வந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடம்தான் அந்த வாகனத்தை முதன்முதலில் கண்டார். ஒரு நாள் அது வழியில் நின்றுவிட்டது என்றும், அதிகாரி மண்ணெண்ணெய் கேட்டு வாங்கிப் பாகங்களைத் துடைத்து மீண்டும் கிளப்பினார் என்றும் சொல்வார்கள். வண்டி ஓடியதைவிட, நின்ற வண்டி மறுபடி ஓடியதுதான் அந்த இளைஞரை ஈர்த்திருக்க வேண்டும்.

பள்ளிப் படிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை, தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. கோயம்புத்தூருக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்தார். மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். வாங்கியவர் அதில் ஊர் சுற்றவில்லை. திருகாணி திருகாணியாகக் கழற்றினார், ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று ஆராய்ந்தார், மீண்டும் பூட்டினார். பாடநூலோ ஆசிரியரோ இல்லை. ஒரு பாகத்தை இடம் மாற்றிப் பூட்டினால் வண்டி கிளம்பாது. அதுவே அவருக்குத் தேர்வு.

1920ஆம் ஆண்டு, ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயத் தொழிலதிபரின் உதவியால் ஒரு பேருந்தை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார். நடுவழியில் பேருந்து நின்றால் பயணியும் போவார், வருமானமும் போகும். எனவே வண்டியைப் பழுதுபார்க்கத் தெரிந்திருப்பது அவருக்குப் பொழுதுபோக்கு அன்று, பிழைப்பு. ஒரு பேருந்தில் தொடங்கிய யு.எம்.எஸ். நிறுவனம் நாளடைவில் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

அதன் பின்னர் அவருடைய கவனம் பல பக்கம் திரும்பியது. 1937ஆம் ஆண்டு, இந்தியாவிலேயே முதலாவதாகக் கருதப்படும் மின்மோட்டார் அவருடைய முயற்சியில் உருவானது. சிறிய மின்கலத்தில் இயங்கும் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி என்று பட்டியல் நீளும். கோயம்புத்தூரில் பொறியியல் கல்லூரி உருவாகவும் அவர் காரணமாக இருந்தார். ஆனால், அங்கே நான்கு ஆண்டுப் படிப்பு வீண், இரண்டு ஆண்டுகளே போதும் என்று வாதிட்டார். அரசு இணங்காததால் பொறுப்பிலிருந்து விலகினார். இந்த வாதத்தில் எல்லாரும் அவருடன் உடன்படமாட்டார்கள். என்றாலும், கையால் கற்றவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை.

1952ஆம் ஆண்டு அவர் இரண்டு பேர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான். கார் என்பது செல்வந்தர் வீட்டு வாசலில் மட்டும் நின்ற காலம் அது. நடுத்தரக் குடும்பமும் வாங்கக்கூடிய கார் பிறந்துவிட்டது என்றே தோன்றியது. ஆனால், தயாரிப்பதற்கான உரிமத்தை அரசு வழங்கவில்லை. தயாரிப்பு நின்றது. இயந்திரம் பழுதானால் பிரித்துப் பார்க்கலாம். மறுக்கப்பட்ட உரிமத்தை எந்தத் திருப்புளியைக் கொண்டு சரிசெய்வது?

ஜி. டி. நாயுடு 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் காலமானார். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தை இன்றும் காணலாம். அதே சாலையில் பழைய கார்களுக்கென ஒரு காட்சிக்கூடத்தையும் அவருடைய குடும்பத்தினர் அமைத்துள்ளனர்.