அரச கீதத்தின் மெட்டில் அம்பாளைப் பாடியவர் முத்துசுவாமி தீட்சிதர்

மெர்டேக்காவுக்கு முன்பு மலாயாவில் பள்ளிக்குப் போன தலைமுறைக்கு, பிரிட்டிஷ் மன்னரை வாழ்த்தும் அரச கீதத்தின் மெட்டு பழக்கமானது. அந்த மெட்டிலிருந்து மன்னரை இறக்கிவிட்டு, அதில் அம்பாளை அமர்த்திப் பாடினார் ஒரு தமிழ்நாட்டு இசைமேதை. அவர்தான் முத்துசுவாமி தீட்சிதர்.

தியாகராஜர், சியாமா சாஸ்திரி ஆகியோருடன் சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவராகப் போற்றப்படும் அவர், மன்மத ஆண்டுப் பங்குனியில் திருவாரூரில் பிறந்தார். ஆங்கிலக் கணக்கில் அது 1776. 1775 என்று எழுதும் நூல்களும் உண்டு. தந்தை ராமசாமி தீட்சிதர் ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர். வைத்தீஸ்வரன்கோயில் முத்துக்குமாரசுவாமியின் அருளால் பிறந்த பிள்ளை என்பதால் மகனுக்கு அந்தப் பெயரையே வைத்தார்.

சென்னைக்கு வடக்கே இருந்த மணலியின் ஜமீன்தார் முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் குடும்பம் அங்கே குடியேறியது. அவருக்குப் பின் மகன் சின்னையா முதலியாரும் ஆதரவைத் தொடர்ந்தார். இந்த முதலியார் குடும்பத்துக்குக் கிழக்கிந்திய கம்பெனியோடு நெருங்கிய தொடர்பு இருந்தது. அதனால் புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசிப்பதைக் கேட்கும் வாய்ப்பு தீட்சிதர் சகோதரர்களுக்குக் கிடைத்தது. வீணையும் வேதமும் ஒலித்த வீட்டுப் பிள்ளைகளின் காதில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்புற மெட்டுகளும் விழுந்தன.

தம்பி பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கினார். தீட்சிதரிடம் பயின்ற தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வயலினில் வல்லவர். அவருக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். இன்று கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கச்சேரி மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் வயலின் இருப்பதை யாரும் அந்நியமாக நினைப்பதில்லை. அந்தப் பழக்கத்துக்கு வழிதிறந்தவர்களில் மணலி வீட்டுத் தம்பிக்கு முதன்மையான இடம் உண்டு.

அண்ணன் செய்தது வேறு. கேட்ட மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் தெய்வப் பாடல்களை எழுதினார். அவைதான் நோட்டுஸ்வர சாகித்தியங்கள். கீபோர்டில் ஸட்ஜத்தை சி கட்டையில் வைத்து, கறுப்புக் கட்டைகளைத் தொடாமல் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் வருவது மேற்கத்தியரின் சி மேஜர். நம்முடைய சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களும் அவையே. பேண்டு மெட்டுகள் சங்கராபரணத்தில் சுலபமாகப் பொருந்தியதன் ரகசியம் இதுதான். அரச கீத மெட்டில் அமைந்த பாடல் 'சந்ததம் பாஹிமாம்'. சங்கீத சியாமளாவை வேண்டும் பாடல் அது.

இதை வெறும் நகல் என்று ஒதுக்குவது சரியல்ல. மனிதரைப் பாடிப் பொருள் தேட மறுத்தவர் என்று பெயர் பெற்றவர் தீட்சிதர். மனைவி நகைக்கு ஆசைப்பட்டபோதும் தஞ்சை அரண்மனைக்குப் போகாமல் மகாலட்சுமியைத்தான் பாடினார் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நாட்டைப் பிடித்தவர்களின் மெட்டை வாங்கிக்கொண்டார், அவர்களின் மன்னரை வாங்கிக்கொள்ளவில்லை!

அதே ஸ்வரங்களை வைத்து அவர் செய்த 'அக்ஷயலிங்க விபோ'வைக் கேட்டால் வித்தியாசம் புரியும். கீழ்வேளூர் சிவனைப் பாடும் அந்தக் கீர்த்தனையில் ஒவ்வொரு ஸ்வரமும் கமகத்தோடு அசைந்து, நின்று, நிதானமாக நகர்கிறது. நோட்டுஸ்வரத்திலோ ஸ்வரங்கள் அசைவின்றி நேராக நிற்கின்றன. அதனால்தான் குழந்தைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். திருவாரூர் கமலாம்பாள் மீதான நவாவரணக் கீர்த்தனைகளில் மூன்றாவதும் சங்கராபரணமே. ஒரே ராகத்தில் பிள்ளைகளுக்கும் பாட்டு இருக்கிறது, கரைகண்ட வித்வான்களுக்கும் பாட்டு இருக்கிறது.

சிதம்பரநாத யோகியோடு காசிக்குப் போனார். குரு அங்கேயே சமாதியானார். ஊர் திரும்பியபின் திருத்தணியில் முருகன் அருளால் பாடத் தொடங்கினார் என்பது மரபு. 'குருகுஹ' என்ற அவரது முத்திரையும் முருகன் பெயர்தான். பத்துமலைக்கு நடந்துபோகும் மலேசியத் தமிழருக்கு இந்த உறவைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பிறகு காஞ்சி, திருவாரூர், தஞ்சை என்று கோயில் கோயிலாகப் பாடினார். அவர் பெயரில் நானூறுக்கும் மேற்பட்ட பாடல்கள் வழங்குகின்றன.

கடைசிக் காலத்தில் எட்டயபுரம் சமஸ்தானத்தில் இருந்த தம்பி பாலுசுவாமியிடம் சேர்ந்தார். 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில், சீடர்கள் மீனாட்சி மீதான அவரது கீர்த்தனையைப் பாடக் கேட்டபடி உயிர்நீத்தார் என்பார்கள். அவரது சமாதி எட்டயபுரத்தில் இருக்கிறது.

நோட்டுஸ்வரங்களும் அவரோடு மறைந்திருக்கக்கூடும். பாலுசுவாமியின் மகள் வழிப் பேரனும் வளர்ப்பு மகனுமான சுப்பராம தீட்சிதர், 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டு அண்ணன் தாத்தாவின் கீர்த்தனைகளைக் காப்பாற்றினார். மறு ஆண்டு, இசை பழகத் தொடங்குவோருக்காகத் தெலுங்கில் ஒரு பாடநூலைக் கொண்டுவந்தார். அதில் முப்பதுக்கும் மேற்பட்ட நோட்டுஸ்வரங்களைச் சேர்த்தார். இன்று இசை வகுப்புகளில் பிள்ளைகள் பாடும் 'சியாமளே மீனாட்சி'யும் 'வர சிவபால'மும் இந்த வகைப் பாடல்களே.