இளவரசனைக் கொன்றது யார்?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சோழ நாட்டில் ஒரு கொலை நடந்தது.

கொலையுண்டவன் சாதாரண ஆள் அல்ல. பட்டத்து இளவரசன். மாவீரன். அவன் பெயர் ஆதித்த கரிகாலன். தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டிய ராஜராஜ சோழனின் சொந்த அண்ணன்.

கொன்றவர்களின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டு இருக்கின்றன. ஆனால், அவர்களைத் தூண்டிவிட்டது யார்? பேராசிரியர், பள்ளிக்கூடத் தமிழாசிரியர், பத்திரிகை ஆசிரியர் என்று பலர் இந்த வழக்கைத் துருவிப் பார்த்தார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தக் கொலையின் கதை, நம் தாமிரபரணிக் கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது.

தலைக்குத் தலை

ஏரலுக்குப் பக்கத்தில் இருக்கிறது கொற்கை. இன்று அது ஒரு சிற்றூர். முன்பு முத்துக்குப் பெயர்போன பாண்டியர் துறைமுகம். இந்த ஆற்றங்கரை முழுவதும் பாண்டியர் பூமி.

10-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் படையெடுத்து வந்தான். பாண்டிய நாட்டைப் பிடித்துக்கொண்டான். பாண்டியர் மனதில் பகை கனன்றது.

காலம் மாறியது. 949-ம் ஆண்டு தக்கோலம் என்ற ஊரில் நடந்த போரில் சோழர்கள் தோற்றார்கள். பராந்தகனின் மூத்த மகன் ராஜாதித்தன், யானை மேல் இருந்தபடியே உயிர் துறந்தான். சோழர் கை தாழ்ந்தது. பாண்டியர் தலை நிமிர்ந்தார்கள்.

அப்போது பாண்டிய நாட்டை ஆண்டவன் வீரபாண்டியன். அவன் தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டம் என்ன தெரியுமா? சோழன் தலைகொண்ட வீரபாண்டியன்! அந்தப் பட்டத்தோடு கூடிய அவனுடைய கல்வெட்டுகள் அம்பாசமுத்திரத்தில் கூட இருக்கின்றன.

அவமானத்தைத் துடைக்கச் சோழர்கள் துடித்தார்கள். மன்னன் சுந்தர சோழன் படை திரட்டினான். சேவூர் என்ற இடத்தில் கடும் போர் நடந்தது. அந்தக் களத்தில் இறங்கினான், சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன். அப்போது அவன் சிறுவன். மதயானையோடு சிங்கக்குட்டி விளையாடுவது போல அவன் வீரபாண்டியனோடு போரிட்டான் என்று சோழர் செப்பேடு புகழ்கிறது.

முடிவில் வீரபாண்டியன் மாண்டான். அவன் தலையை இளவரசன் தன் நகருக்குக் கொண்டுவந்து, வெற்றித்தூண் போல நட்டுவைத்தான் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு.

இப்போது பட்டம் கை மாறியது. வீரபாண்டியன் தலைகொண்டவன் என்று கரிகாலன் போற்றப்பட்டான்.

மறைந்தான் இளவரசன்

சுந்தர சோழனுக்கு 3 மக்கள். மூத்தவன் கரிகாலன். அடுத்து மகள் குந்தவை. இளையவன் அருள்மொழி. அந்த அருள்மொழிதான் பின்னாளில் ராஜராஜன்.

கரிகாலனுக்கு இளவரசுப் பட்டம் கட்டினார்கள். சோழ நாட்டின் வடபகுதியான தொண்டை மண்டலம் அவன் பொறுப்பில் இருந்தது. தந்தைக்குப் பிறகு அவன்தான் மன்னன் என்று எல்லோரும் எண்ணி இருந்தார்கள்.

ஆனால், 969-ம் ஆண்டு வாக்கில் கரிகாலன் வஞ்சகமாகக் கொல்லப்பட்டான்.

மகன் போனபின் தந்தை நெடுநாள் வாழவில்லை. காஞ்சீபுரத்துப் பொன்மாளிகையில் சுந்தர சோழன் உயிர் நீத்தான். அரசி வானவன் மாதேவி கணவனோடு உடன்கட்டை ஏறினாள். அண்ணன், தந்தை, தாய் என்று மூவரையும் பறிகொடுத்து நின்றார்கள் குந்தவையும் அருள்மொழியும்.

அடுத்து அரசனானது அருள்மொழி அல்ல. அவனுடைய சிற்றப்பன் முறையான உத்தம சோழன்.

உத்தமன், சுந்தர சோழனின் பெரியப்பா கண்டராதித்தரின் மகன். தந்தை இறந்தபோது அவன் சிறு பிள்ளை. ஆகவே ஆட்சி தம்பி வழிக்குப் போய்விட்டது. அருள்மொழியே அரசனாக வேண்டும் என்று மக்கள் விரும்பினார்கள். ஆனால், சிற்றப்பனுக்கு அரசாள ஆசை இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று அவன் ஒதுங்கிக்கொண்டான். இதுவும் திருவாலங்காட்டுச் செப்பேடு தரும் செய்திதான்.

கல் பேசியது

ஆண்டுகள் உருண்டன. 985-ம் ஆண்டு அருள்மொழி, ராஜராஜன் என்ற பெயரோடு அரியணை ஏறினான்.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவிலை ஒட்டியுள்ள உடையார்குடியில், அனந்தீசுவரர் கோவில் இருக்கிறது. அந்தக் கோவில் சுவரில், ராஜராஜனின் 2-ம் ஆட்சியாண்டில் வெட்டிய ஒரு கல்வெட்டு உண்டு. ராஜராஜன் அந்த ஊர்ச் சபைக்கு அனுப்பிய ஆணையை அது கூறுகிறது.

கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சகோதரர்களின் பெயர்களை அது அடுக்குகிறது. சோமன், பஞ்சவன் பிரமாதிராஜன் என்ற ரவிதாசன், இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்ற பரமேசுவரன். பிரமாதிராஜன் என்பது அந்தணர் குலத்து அதிகாரிகளுக்கு அரசர் தரும் பட்டம். அதாவது, அவர்கள் பதவியில் இருந்தவர்கள்!

அவர்களுடைய சொத்துகள் பறிமுதல் ஆயின. அவர்கள் சொத்து மட்டுமா? பிள்ளைகள், பெரியப்பன்மார், தாய்மாமன்மார், பெண் கொடுத்த மாமனார்கள், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், மகள்களைக் கட்டிய மருமகன்கள் என்று எல்லோருடைய சொத்தும் பறிபோனது. சம்பந்தம் செய்துகொண்ட பாவத்துக்கு எத்தனை வீட்டு அடுப்பு அணைந்ததோ!

மரண தண்டனை பற்றி அந்தக் கல்லில் ஒரு சொல்லும் இல்லை. கொலை எங்கே நடந்தது, எப்படி நடந்தது, எதற்காக நடந்தது என்பதும் இல்லை.

துப்பு துலக்கிய இருவர்

இந்தக் கல்வெட்டை ஆராய்ந்து எழுதியவர் கே.ஏ.நீலகண்ட சாஸ்திரியார். அவர் நம் ஆற்றங்கரைக்காரர். அம்பாசமுத்திரத்துக்கு எதிர்க்கரையில் உள்ள கல்லிடைக்குறிச்சியில் 1892-ம் ஆண்டு பிறந்தவர். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்து, அங்கேயே பாடமும் நடத்தியவர். சோழர் வரலாற்றை அவர் நூலாக எழுதி, அதன் முதல் பகுதி 1935-ல் வெளிவந்தது.

அவருடைய சந்தேகம் உத்தம சோழன் மேல் விழுந்தது. கரிகாலன் இறந்ததால் லாபம் அடைந்தவன் அவன். உத்தமன் ஆட்சி முடிந்து ராஜராஜன் வந்த பிறகுதான் கொலைகாரர்களின் சொத்தைப் பற்றிய இந்த ஆணை பிறக்கிறது. இதைத்தான் அவர் எண்ணிப் பார்த்தார்.

தி.வை.சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. இவரும் 1892-ல் பிறந்தவர்தான். ஊர், கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பியம். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, ஊர் ஊராய்ப் போய்க் கல்வெட்டுகளைப் படித்தவர். உத்தமனுக்கு இந்தக் கொலையில் பங்கு இல்லை என்பது இவர் முடிவு.

அதற்கு வலுவான சாட்சி இருக்கிறது. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தனை, கோவில் காரியங்களை விசாரிக்கும் உயர்ந்த பதவியில் ராஜராஜன் வைத்திருந்தான். உத்தமனின் தாய் செம்பியன் மாதேவியைக் கடைசிவரை போற்றினான். அண்ணனைக் கொன்றவனின் வீட்டோடு ஒருவன் இப்படி உறவு கொண்டாடுவானா?

அப்படியானால் பாண்டியரின் பழிவாங்கலா? பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர் அல்லவா என்று அதைக் காட்டுகிறவர்கள் உண்டு. அந்தப் பட்டம், பாண்டிய நாட்டை வென்ற சோழர் கொடுத்ததாகவும் இருக்கலாம் என்று மறுக்கிறவர்களும் உண்டு.

காதல் கலந்த கதை

1950-ம் ஆண்டு மூன்றாவது ஆள் வந்தார். அவர் பத்திரிகை ஆசிரியர் கல்கி. பொன்னியின் செல்வன் என்ற தொடர்கதையில் இந்தக் கொலையைக் கொண்டுவந்தார்.

குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டு கூறுகிறது. அந்த ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, குறும்பும் துணிவும் நிறைந்த வாலிபனைப் படைத்தார் கல்கி. அவனை ஒற்றனாக ஓடவிட்டார். குந்தவை மேல் காதல் கொள்ளவிட்டார். கொலைப்பழியையும் அவன் தலையில் சுமத்தித் தவிக்கவிட்டார்.

கரிகாலனுக்கும் ஒரு காதலியைக் கொடுத்தார். அவள்தான் நந்தினி. பழிவாங்கத் துடிக்கும் பேரழகி. கடம்பூர் மாளிகையும் நந்தினியின் காதலும் கல்கியின் கற்பனை. அப்படிக் கற்பனை செய்தவரும், கொன்ற கை யாருடையது என்பதை அடித்துச் சொல்லவில்லை. 2022, 2023-ம் ஆண்டுகளில் அந்தக் கதை 2 பாகமாகத் திரைக்கு வந்தபோது, தியேட்டர் வாசலிலும் இதே பேச்சுதான்.

சந்தேகம் சாட்சி ஆகுமா?

கரிகாலன் இளம் வயதில் ஒரு தலையைக் கொண்டு பெயர் பெற்றான். இளம் வயதிலேயே உயிரையும் பறிகொடுத்தான். அவன் வாழ்ந்திருந்தால் ராஜராஜன் என்ற மன்னன் வந்திருப்பானா என்பதே சந்தேகம்.

உத்தமன் கதை வேறு. அவன் தலையில் விழுந்தது பழி. லாபம் அடைந்தவன் என்ற ஒன்றைத் தவிர அவனுக்கு எதிராக நேரான சாட்சி கிடையாது. கல்லில் அவன் பெயர் இல்லை. செப்பேடும் அவனைக் குற்றம் சொல்லவில்லை.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால், சொத்து யாருக்குப் போகிறது என்று பார்த்து, அவன்தான் செய்திருப்பான் என்று ஊர் பேசும். பேசுவது எளிது. மெய்ப்பிப்பது கடினம். உடையார்குடிக் கல், தனக்குத் தெரிந்த பெயர்களை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. அந்தக் கல்லுக்கு இருக்கும் நிதானம் நமக்கும் இருந்தால் நல்லது!