நீதி நூல் தந்த நீதிபதி

தமிழ்நாட்டில் பெண்கல்விக்காகக் குரல் கொடுத்த முன்னோடிகளுள் மறக்கலாகாதவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில், 1826-ஆம் ஆண்டு, கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார்.

திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணிபுரிந்தவர், பின்னர்த் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக விளங்கினார். கைக்கூலியும் பொய்ச்சாட்சியும் குடும்பப் பூசலும் நாள்தோறும் அவர்முன் வழக்குகளாக வந்தன. தீர்ப்பு வழக்கை முடிக்கும், மனத்தைத் திருத்துமா? அதற்கென அவர் இயற்றிய நீதி நூல் 1859-இல் வெளிவந்தது. ஏழைகளுக்கும் சட்டம் விளங்க, ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழாக்கினார்.

1869-இல் இங்கிலாந்தில் ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் அறநெறி அறிஞர், பெண்ணடிமையைக் கண்டித்து நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் வேதநாயகரின் பெண்மதி மாலை வெளிவந்தது. கடல் கடந்த இரு நாடுகளிலும் பெண்கள் தாழ்த்தப்பட்டிருந்த நிலையே இவ்விருவரையும் எழுதத் தூண்டியது.

1876-இல் தொடங்கிய கொடும் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். எழுதிய அறத்தை வாழ்ந்தும் காட்டினார். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் வெளியிட்டார். அதன் நாயகி ஞானாம்பாள், கல்வியும் துணிவும் நிறைந்தவள். 1889-இல் அவர் இறையடி சேர்ந்தார்.

அன்பு மாணவியரே! நம் காஞ்சியின் தறி வீடுகளில் தார் சுற்றிய பெண்கள் பலருக்கு ஏடு எடுக்கும் வாய்ப்பு அன்று இல்லை. இன்று நம் கையில் புத்தகம் இருக்கிறது. நாம் கற்பதோடு நில்லாமல், கல்லாத ஒருத்திக்கேனும் எழுத்தறிவிப்போம். அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றி.