தியோடர் வில்கெல்ம் எங்கெல்மான்

தியோடர் வில்கெல்ம் எங்கெல்மான் (நவம்பர் 14, 1843 – மே 20, 1909) ஒரு செருமானிய உடலியங்கியல் அறிஞர் ஆவார். லைப்சிக்கில் பிறந்த இவர், நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்திலும் 1897 முதல் பெர்லினிலும் பேராசிரியராகப் பணியாற்றினார். இசையில் ஈடுபாடு கொண்ட இவர் செல்லோ வாசிப்பவர். இசையமைப்பாளர் பிராம்சின் நண்பர்.

பாசியும் ஒளியும்

ஒளியின் எந்த நிறங்கள் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுகின்றன என்பதை இவர் ஆராய்ந்தார். நுண்ணிய பாசி இழை வெளிவிடும் ஆக்சிசனின் அளவு மிகச் சொற்பம். எனவே, ஆக்சிசனை நாடிச் செல்லும் பாக்டீரியாக்களையே அளவுகோலாகக் கொண்டார். 1882 இல் நுண்ணோக்கியின் கீழ் பச்சைப்பாசி இழையின் மீது நிறமாலையை விழச் செய்தார். சிவப்பு, நீல ஒளி விழுந்த இடங்களில் பாக்டீரியாக்கள் திரண்டன. பச்சை ஒளியில் குறைவாகவே காணப்பட்டன. பச்சையம் உறிஞ்சும் நிறங்களே ஒளிச்சேர்க்கையை நிகழ்த்துகின்றன என்பது இதனால் புலனாயிற்று. குறைவாக உறிஞ்சப்படும் பச்சை ஒளி சிதறி வெளியேறுவதாலேயே பாசி பச்சையாகத் தெரிகிறது. செம்பாசிகளில் பச்சை ஒளியும் நன்கு பயன்படுவதைப் பின்னர் கண்டறிந்தார்.