கடைச் சிப்பந்தியின் பாத்தியதை

பெருங்கடைகள் நாளுக்கு நாள் பெருகி வரும் காலம் இது. மாடிமேல் மாடி எழுப்பி, விளக்குகளால் இரவைப் பகலாக்கி, உப்பு முதல் பட்டு வரை ஒரே கூரையின் கீழ் விற்கும் ஸ்தாபனங்களைக் கண்டு ஜனங்கள் வியக்கிறார்கள். விலை மலிவா, சரக்கு நயமா என்று விசாரிக்கிறார்கள். காலை முதல் இரவு வரை நின்றபடியே துணியை விரித்துக் காட்டும் சிப்பந்திக்கு அந்தக் கடையின் லாபத்தில் என்ன பாத்தியதை என்று கேட்பவர் மிகச் சிலரே. இங்கிலாந்தில் அக்கேள்வியைக் கேட்டவர் ஒரு முதலாளியின் மகன். கேட்டதோடு நில்லாமல், தமக்குச் சொந்தமான கடைகளையே அதற்கு விடையாக எழுதிக் கொடுத்தார். ஜான் ஸ்பீடன் லூயிஸ் என்னும் அவருடைய சரித்திரத்தை நேயர்கள் அறிவது நலமென்று கருதுகிறோம்.

அவருடைய தந்தை ஜான் லூயிஸ், 1836-ம் வருஷம் ஸாமர்ஸெட் ஜில்லாவிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, அத்தையின் ஆதரவில் வளர்ந்து, லண்டனுக்கு வந்து பட்டு வியாபாரத்தில் தேர்ச்சி பெற்று, 1864-ல் ஆக்ஸ்போர்டு வீதியில் தனிக் கடை வைத்தார். முதல் நாள் விற்பனை 16 ஷில்லிங் 4 பென்ஸ். நாற்பது வருஷங்களுக்குப் பின், ஸ்லோன் சதுக்கத்திலிருந்த பீட்டர் ஜோன்ஸ் என்னும் மற்றொரு பெருங்கடையை விலைக்கு வாங்க, ஆயிரம் பவுன் நோட்டுக்கள் இருபதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தே சென்றார். உழைப்பாளி, நாணயஸ்தர், சரக்கின் விலையில் வாடிக்கைக்காரரை ஏமாற்றாதவர். ஆனால் சிப்பந்திகளின் கூலி விஷயத்தில் கல்நெஞ்சர். அக்காலத்தில் லண்டன் கடைச் சிப்பந்திகளில் மிகப் பலர் முதலாளியின் விடுதியிலேயே நெருக்கமாகத் தங்கி, முதலாளி போட்ட சோற்றை உண்டு, சிறு பிழைகளுக்கும் அபராதம் செலுத்தி வந்தனர். இதைத் தொழிலின் தருமமென்றே முதலாளிகள் எண்ணியிருந்தார்கள்.

1885-ல் பிறந்த ஸ்பீடன், பத்தொன்பதாவது வயதில் தந்தையின் கடையில் சேர்ந்தார். இருபத்தொன்று நிறைந்ததும் தந்தை அவருக்குக் கால் பங்கு அளித்தார். பங்காளியானவர் கணக்குப் புஸ்தகங்களைப் பார்வையிட்டார். அங்கே கண்ட இரண்டு தொகைகள் அவருடைய வாழ்க்கையையே மாற்றின. தந்தை, தாம், தம் தம்பி ஆகிய மூவருக்கும் வருஷத்தில் வந்தது 26,000 பவுன். சுமார் 300 சிப்பந்திகள் எல்லோருக்கும் சேர்த்துச் சம்பளமாகப் போனது 16,000 பவுன். தந்தையோ வருமானத்தில் ஒரு சிறு பகுதியைத் தவிர மற்றதைச் செலவிட வழியறியாதவர். சிப்பந்திகளோ ஒரு காசும் மீத்துவைக்க இயலாதவர்கள். இது அநியாயம் என்பதோடு வியாபார புத்திக்கும் விரோதமானது என்று அந்த இளைஞர் தெளிந்தார்.

1909-ல் அவர் ரீஜண்ட் பூங்காவில் குதிரையிலிருந்து தவறி விழுந்தார். நுரையீரலில் பலத்த காயம். ஏறக்குறைய இரண்டு வருஷம் சிகிச்சையிலேயே கழிந்தது. படுக்கையில் கிடந்த அக்காலத்தில்தான் லாபத்தைச் சிப்பந்திகளுடன் பகிர்ந்துகொள்ளும் திட்டம் அவர் மனத்தில் உருவாயிற்று.

1914-ல் பீட்டர் ஜோன்ஸ் கடையின் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. தந்தையின் கடையில் மாலை ஐந்து மணி வரை உழைத்துவிட்டு, அதன் பிறகே அங்கே போகலாம் என்பது தந்தை விதித்த நிபந்தனை. அந்தக் கடை அப்போது நலிந்த நிலையிலிருந்தது. ஸ்பீடன் வேலை நேரத்தைக் குறைத்தார். விற்பனைக்குத் தக்கபடி கமிஷன் ஏற்படுத்தினார். சிப்பந்திகளின் படுக்கையறைகளுக்கு வெந்நீரும் தண்ணீரும் வரச் செய்தார். சம்பளத்துடன் மூன்றாவது வார விடுமுறை கொடுத்தார். 1918-ல் ஸ்தாபனத்துக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் வெளியிடாமலே சிப்பந்தி அதில் குறை கூறலாம். பொறுப்புள்ள அதிகாரி அதற்கு விடை அளித்தே தீர வேண்டும். 1919-ல் சிப்பந்திகளின் சபை கூடிற்று. 1920-ல் முதல் லாபப் பங்கீடு நடந்தது.

அதே 1920-ம் வருஷத்தில் தந்தையின் கடையிலோ சுமார் 400 பேர், பெரும்பாலும் பெண்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். கிழவர் வளைந்து கொடுக்கவில்லை. வெளியேறியவர்களைத் திரும்பச் சேர்க்கவும் மறுத்தார். ஒரே நகரம், ஒரே குடும்பம், ஒரே தொழில்; ஓரிடத்தில் பங்கீடு, மற்றோரிடத்தில் பணிநீக்கம். சிப்பந்திகளைக் கசக்கினால்தான் வியாபாரம் நடக்குமென்று வாதிப்போர் இவ்விரண்டு கடைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பாராக.

1928-ல் தந்தை காலமானார். எல்லாம் ஸ்பீடன் வசமாயிற்று. மறு வருஷமே அவர் ஒரு டிரஸ்டு பத்திரம் எழுதி, லாபம் முழுவதும் ஸ்தாபனத்தில் வேலை செய்வோரைச் சேருமாறு செய்தார். தமக்குரிய விலையை வட்டியில்லாமல், பல வருஷத் தவணைகளில் பெற ஒப்புக்கொண்டார். 1950-ல் இரண்டாவது பத்திரத்தால், தம்மிடம் மீந்திருந்த ஆதிக்கத்தையும் டிரஸ்டுக்கே விட்டுக்கொடுத்தார். 1955-ல் தலைமைப் பதவியிலிருந்து விலகி, 1963-ல் உயிர் நீத்தார்.

அவர் துறவியல்லர். பெரிய பண்ணையும் வசதிகளும் வைத்துக்கொண்டு சுகமாகவே வாழ்ந்தவர். ஜனநாயகம் பேசினாலும் கடைசிவரை தாமே ஆண்டவர். ஆயினும் நாம் அவரைப் போற்றுவது குணத்துக்காக மட்டுமன்று. நல்ல முதலாளிகள் எந்த நாட்டிலும் உண்டு. பண்டிகைக்குப் புதுத் துணி கொடுப்பார்கள். பெண்ணின் கலியாணத்துக்குப் பணம் கொடுப்பார்கள். அவர்கள் கண்மூடினால் அந்தத் தயையும் உடன் போய்விடும். மகனுடைய மனப்போக்கே பிறகு சட்டம். முதலாளிகள் தம் செல்வத்துக்குத் தர்மகர்த்தாக்களாக நடக்க வேண்டுமென்று மகாத்மா காந்தி போதித்தார். கேட்டுத் தலையசைத்த செல்வர் பலர். அதைப் பத்திரத்தில் எழுதி ஒப்பமிட்டவர் அரியர். மனத்திலுள்ள தருமத்தை நியாயஸ்தலத்தில் நிலைநாட்ட முடியாது. பத்திரத்திலுள்ளதை நிலைநாட்டலாம். ஸ்பீடன் லூயிஸின் பெருமை இந்த வேற்றுமையை அறிந்ததில் இருக்கிறது.

பத்திரத்துக்கும் எல்லையுண்டு. லாபமில்லாத வருஷத்தில் பகிர்வதற்கு எதுவுமில்லை. 1953-க்குப் பிறகு முதன்முறையாக, 2021-ல் பங்கீடு இல்லையென்று அந்த ஸ்தாபனம் அறிவித்தது. இதைவிடக் கருதத்தக்கது மற்றொன்று. 2012-ல் ஆக்ஸ்போர்டு வீதிக் கடையைக் கூட்டித் துடைக்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் குத்தகைக்காரரின் ஆட்கள். ஆகையால் பங்காளிகள் அல்லர். தராசுக்குப் பின்னால் நிற்பவன் பங்காளி. அதே தரையைத் துடைப்பவள் அந்நியள்! பத்திரம் எவரைப் பெயர் சொல்லி அழைக்கிறதோ அவரைத்தான் காக்கும். இதர நாட்டுப் பெருங்கடைகளும் குத்தகை முறையின் மறைவில் பொறுப்பைக் கைகழுவுவதை நேயர்கள் அறிவார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். கடையில் வேலை செய்யும் பெண்கள் உட்கார ஆசனம் வேண்டுமென்று இங்கிலாந்தில் 1899-லேயே சட்டம் பிறந்தது. கேரளத்தில் 2018-லும், தமிழ்நாட்டில் 2021-லும் கடைச் சிப்பந்திகளுக்கு அவ்வுரிமையைச் சட்டம் வழங்கியது. உட்காருவதற்கு ஒரு முக்காலி பெறவே இத்தனை காலம் சென்றதென்றால், லாபத்தில் பங்கு பெற எத்தனை காலம் செல்லும்? தொழிலாளர் நலம் நாடும் அன்பர்கள் முதலாளிகளின் தயாள குணத்தைப் புகழ்வதோடு திருப்தியடையலாகாது. கொடுப்பதை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். எழுதும்போது தரை துடைப்பவளின் பெயரும் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பீடன் லூயிஸ் விட்டுச் சென்ற வேலையில் பாக்கி நிற்பது அதுவே.