'மேஜர்' டெய்லர்: தடைகளைத் தாண்டி உலகை வென்ற சைக்கிளோட்டி

வார இறுதியில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காப் பக்கம் சைக்கிள் ஓட்டப் போவீர்களா? அங்கே யார் வேண்டுமானாலும் வரலாம். உங்கள் நிறம் என்ன, இனம் என்ன என்று யாரும் கேட்கப்போவதில்லை.

சுமார் 130 ஆண்டுக்கு முன்னர் அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே சைக்கிளோட்டம் அப்போது பெரிய மோகம். ஆனால் கறுப்பினத்தவர் பந்தயத் தடத்தில் இறங்குவதை நிறையப் பேர் விரும்பவில்லை. அந்தக் காலத்தில்தான் மார்ஷல் டெய்லர் உலக வெற்றியாளர் ஆனார்.

யார் இந்த டெய்லர்?

1878ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்தார். அப்பா ஒரு பணக்கார வெள்ளையர் வீட்டில் குதிரை வண்டி ஓட்டுபவர். டெய்லருக்கு முதல் சைக்கிள் கிடைத்ததும் அந்தக் குடும்பத்தின் மூலம்தான்.

பிறகு ஒரு சைக்கிள் கடையில் வேலை. கடை வாசலில் வித்தை காட்டிக் கூட்டம் சேர்க்க வேண்டும். ராணுவச் சீருடை போட்டுக்கொண்டு வித்தை காட்டியதால் 'மேஜர்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. மற்றபடி அவருக்கும் ராணுவத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைங்க!

தடை எப்படி வந்தது?

1894இல் அமெரிக்காவின் முக்கியச் சைக்கிளோட்டச் சங்கம் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி போட்டது. அந்த விதியை முறைப்படி நீக்கியது எப்போது தெரியுமா? 1999இல்!

அமெச்சூர் போட்டியாளராக இருந்த டெய்லர், 1896இல் சொந்த ஊர்ப் பந்தயத் தடத்தில் அங்கிருந்த ஒரு மைல் சாதனையை முறியடித்தார். அது அதிகாரபூர்வமாக ஏற்கப்படவில்லை. பாராட்டும் இல்லை. அந்தத் தடத்தில் இனி ஓட்டக்கூடாது என்ற தடைதான் மிச்சம்.

அதற்கு முன்னரே அவர் தம் முதலாளியும் பயிற்றுவிப்பாளருமான லூயிஸ் மங்கருடன் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்திருந்தார். அதே ஆண்டின் இறுதியில் நியூயார்க்கில் நடந்த 6 நாள் பந்தயத்தில் தொழில்முறைப் போட்டியாளராகக் களமிறங்கினார். வளையத் தடத்தையே சுற்றிச் சுற்றி 1,732 மைல், அதாவது ஏறக்குறைய 2,787 கிலோமீட்டர் ஓட்டினார். அப்போது அவருக்கு வயது 18தான்.

தடத்தில் என்ன நடந்தது?

வளையத் தடப் பந்தயத்தில் வேகம் மட்டும் போதாது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். பின்னால் ஒட்டி வருபவருக்குச் சிரமம் குறைவு. அதனால் கடைசிச் சுற்று வரை பதுங்கியிருந்து பாய்வதுதான் உத்தி.

நாலு பேர் சேர்ந்துகொண்டால் ஒருவரை நடுவில் அடைத்துவிடவும் முடியும். டெய்லருக்கு அதைத்தான் செய்தார்கள். அவரோ கிடைக்கிற சின்ன இடைவெளியில் புகுந்து வெளியே வரப் பழகிக்கொண்டார்.

ஆபத்து தடத்தோடு நிற்கவில்லை. 1897இல் மாசசூசெட்ஸில் ஒரு பந்தயம் முடிந்ததும் சக போட்டியாளர் ஒருவர் அவர் கழுத்தை நெரித்தார். டெய்லர் நினைவிழந்தார். தென் மாநில ஏற்பாட்டாளர்கள் அவரைச் சேர்க்க மறுத்ததால் அந்த ஆண்டின் தேசிய விருதும் கைநழுவிப் போனது.

உலக வெற்றி

அப்படியும் அவர் விடவில்லை. 1899இல் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் ஒரு மைல் விரைவோட்டத்தில் உலக வெற்றியாளர் பட்டம் வென்றார். எந்த விளையாட்டிலும் உலகப் பட்டம் வென்ற இரண்டாவது கறுப்பினத்தவர் அவர். முதலாமவர் குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் டிக்சன்.

ஐரோப்பா பெரிய தொகை கொடுத்து அழைத்தது. ஆனால் அங்கே முக்கியப் பந்தயங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். சமயப்பற்று மிக்க டெய்லர் ஞாயிறன்று ஓட்ட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். கடைசியில் ஏற்பாட்டாளர்கள்தான் இறங்கி வந்தார்கள். 1901இல் பாரிஸில் பிரெஞ்சு நட்சத்திரம் எட்மோண்ட் ஜாக்லினிடம் முதலில் தோற்றார். சில நாளிலேயே மறுபோட்டியில் அவரை வென்றார்.

பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் போனார். 1904இல் அங்கே பிறந்த மகளுக்கு வைத்த பெயர் சிட்னி.

கடைசிக் காலம்

1910இல் ஓய்வு பெற்றார். சம்பாதித்த பணம் தொழில் முயற்சிகளில் கரைந்தது. உடல்நலமும் குன்றியது. 1928இல் சொந்தச் செலவில் சுயசரிதையை வெளியிட்டு, சிகாகோவில் வீடு வீடாகப் போய் விற்றார்.

1932ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் தேதி, சிகாகோவில் ஏழைகளுக்கான மருத்துவமனைப் பிரிவில் காலமானார். வயது 53. பெயர்ப்பலகைகூட இல்லாத இடத்தில் அவரைப் புதைத்தார்கள். 16 ஆண்டு கழித்து, 1948இல், முன்னாள் பந்தயச் சைக்கிளோட்டிகள் ஒன்றுகூடி அவர் உடலை நல்ல இடத்துக்கு மாற்றி நினைவுக்கல் வைத்தனர்.

இன்று?

வூஸ்டரில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. இண்டியானாபொலிஸில் 1982இல் புதிய சைக்கிளோட்டத் தடம் திறக்கப்பட்டது. உள்ளூர் அமெச்சூர் போட்டியாளர்களும் அங்கே பந்தயத்தில் இறங்கலாம்.

ஒருகாலத்தில் டெய்லரைத் தடத்தில் இறங்கக்கூடாது என்று சொன்ன அதே ஊரில், இன்று அந்தத் தடத்தின் பெயரே மேஜர் டெய்லர்.