ஆய்வேட்டில் ஒரு வரி

வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற என்னென்ன தேவை? பாடங்கள், தகுதித் தேர்வு, வழிகாட்ட ஒரு நெறியாளர், இதுவரை யாரும் சொல்லாத ஒன்றை நிறுவும் ஆய்வேடு, அதை ஏற்றுக்கொள்ளும் தேர்வாளர்கள். கடைசி இரண்டும் சில வேளைகளில் ஒன்றோடொன்று மோதும். புதியதைச் சொல்ல வேண்டும்; பழையதில் ஊறிய பெரியவர்கள் அதற்குத் தலையசைக்கவும் வேண்டும். குருமடத்தில் சிறியதொரு ஆய்வேடு எழுதிய நமக்கே அந்தத் தயக்கம் தெரியும். அந்த இடுக்கில் அகப்பட்டவர் செசிலியா பெய்ன்.

1900 மே 10 அன்று இங்கிலாந்தின் வெண்டோவரில் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். 1919இல் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சூரிய கிரகணப் பயணம் பற்றி எடிங்டன் ஆற்றிய உரைக்கு, வேறொருவர் போக முடியாமற்போன நுழைவுச்சீட்டு இவர் கைக்கு வந்தது. அறைக்குத் திரும்பி உரை முழுவதையும் எழுதிவைத்தார். தாவரவியல் அத்தோடு போயிற்று. படிப்பை முடித்தும் பட்டம் கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜ் 1948 வரை பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கியதில்லை.

1923இல் கடல் கடந்து ஹார்வர்டு வானாய்வகம் சென்றார். அதன் இயக்குநர் ஹார்லோ ஷாப்லி, முனைவர் பட்டத்துக்கு முயலும்படி ஊக்குவித்தார். இயற்பியல் துறைத் தலைவரோ பெண் ஒருவரை ஏற்க மறுத்தார். ஆகவே வானியலுக்கென்றே புதிய வழி திறக்கப்பட்டு, பெண்கள் கல்லூரியான ராட்கிளிஃப் வழியாகப் பட்டம் என்று முடிவாயிற்று.

ஆய்வகத்தில் விண்மீன்களின் நிறமாலைகள் கண்ணாடித் தகடுகளில் குவிந்து கிடந்தன. சூரியனின் நிறமாலையில் இரும்பு முதலான உலோகங்களின் கோடுகள் ஏராளம். எனவே சூரியனும் பூமியைப் போன்ற பொருள்களால் ஆனதே என்று அன்றைய அறிஞர்கள் நம்பினர். நம் நாட்டின் மேகநாத சாகா 1920இல் வேறொன்றைக் காட்டியிருந்தார்: வெப்பம் ஏற ஏற அணுக்கள் எலக்ட்ரான்களை இழக்கின்றன, அதற்கேற்பக் கோடுகளும் மாறுகின்றன. ஆகவே கோடுகள் அதிகம் என்பதால் பொருளும் அதிகம் என்று ஆகாது. சாகாவின் சமன்பாட்டைக் கொண்டு செசிலியா கணக்கிட்டார். சிலிக்கான், கார்பன் போன்றவை ஏறக்குறைய பூமியில் உள்ள விகிதத்திலேயே இருந்தன. ஹைட்ரஜனோ உலோகங்களைப்போல் சுமார் பத்து இலட்சம் மடங்கு!

ஷாப்லி அந்தக் கையெழுத்துப்படியைத் தம் ஆசிரியரான பிரின்ஸ்டனின் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸலுக்கு அனுப்பினார். இது நடக்கவே முடியாதது என்று பதில் வந்தது. ரஸ்ஸலைக் கெட்டவராக நாம் எண்ண வேண்டியதில்லை. அன்றைய அறிவு முழுவதும் அவர் பக்கம் நின்றது. ஆனால் 24 வயது மாணவி ஒருவரின் எதிர்காலம் அவர் சொல்லில் தொங்கியது. ஹைட்ரஜன், ஹீலியம் பற்றிய தம் அளவுகள் பெரும்பாலும் உண்மையாக இரா என்று தம் ஆய்வேட்டிலேயே எழுதினார் செசிலியா. 1925இல் பட்டம் கிடைத்தது. கணக்குகளை மட்டும் அவர் அழிக்கவில்லை. அட்டவணையில் அவை அப்படியே இருந்தன.

நான்கு ஆண்டுகள் சென்றன. 1929இல் ரஸ்ஸலே வேறு வழிகளில் அதே முடிவுக்கு வந்து, செசிலியாவின் பணியையும் குறிப்பிட்டு வெளியிட்டார். நெடுங்காலம் புகழ் பெரும்பாலும் ரஸ்ஸலுக்கே போயிற்று. இன்று நாம் அறிவது இதுவே: சூரியனின் நிறையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஹைட்ரஜன்.

அந்தப் பட்டத்தால் உடனே பதவியும் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் அவருடைய ஊதியம் கருவிச் செலவோடு சேர்த்தே எழுதப்பட்டது. அவர் நடத்திய வகுப்புகள் 1945 வரை பல்கலைக்கழகப் பாடப்பட்டியலில் இடம்பெறவில்லை. இதற்கிடையே செர்கேய் கபோஷ்கினை மணந்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். கணவரோடு சேர்ந்து மாறும் விண்மீன்களை ஆராய்ந்தார். 1956இல் பேராசிரியரானார், துறைத் தலைவருமானார். அந்த ஒரு வரிக்காக அவர் ரஸ்ஸலைக் குறை கூறவில்லை. சரியென்று நம்பியதை வற்புறுத்தாமல் பெரியவர் சொல்லுக்குப் பணிந்தது தம் பிழையே என்று பின்னாளில் எழுதினார். அந்தப் பழியை அவர் தனியே ஏற்றது நமக்குச் சற்று அதிகமாகவே படுகிறது.

1976இல் அமெரிக்க வானியல் கழகம் அவருடைய வாழ்நாள் பணிக்காகத் தன் உயரிய விருதை அளித்தது. அதன் பெயர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் விருது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1979 டிசம்பர் 7 அன்று அவர் காலமானார்.